வெந்நீர் குளித்ததும் கால் துவளும்: எம்.எஸ். உள்ளவர்கள் வீட்டில் விழாமலிருக்க

“மேட்டுல ஏறி இறங்கறப்போகூட ஒண்ணும் ஆகல மேடம். குளிச்சிட்டு வெளிய வந்தாத்தான் கால் ரெண்டும் ஈரத்துணி மாதிரி துவண்டுபோகுது.” கோத்தகிரிப் பக்கமிருந்து வந்த 36 வயதுப் பெண் இப்படிச் சொன்னார். கூட வந்த மாமியார், “உடம்புல ரத்தமே இல்ல, அதான்” என்றார். இரண்டு மாதத்தில் மூன்று முறை விழுந்திருந்தார். மூன்றும் குளியலறை வாசலில். அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருப்பது நான்கு வருடமாகத் தெரியும்.

எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த நோயில், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் உறையைத் தாக்குகிறது. உறை சிதைந்த நரம்பில் செய்தி தட்டுத்தடுமாறித்தான் போகும். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே சில இடங்களில் நின்றுவிடும். உடலை வருத்தி உழைத்தபின் பார்வை சற்று நேரம் மங்குவதை 1890-இல் ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் கவனித்து எழுதினார். சூடுதான் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்கேன் வசதி வருவதற்கு முன்பு, நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பலவீனம் கூடுகிறதா என்று பார்த்தே இந்த நோயைச் சந்தேகித்த காலமும் உண்டு.

நீலகிரிக் குளிரில் அந்தச் சோதனையை நாம் தினமும் காலையில் நடத்திக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் ஆவி பறக்க வேண்டும், தோல் சிவக்க வேண்டும், இல்லாவிட்டால் குளித்த மாதிரியே இருக்காது. பிறகு ஈரத் தரை, உயர்ந்த வாசற்படி, துவண்ட கால். சூடு தணிந்ததும் பலம் திரும்பிவிடும். நரம்புக்குப் புதிதாகச் சேதம் எதுவும் இல்லை. ஆனால் இடுப்பெலும்பு உடைய அந்தக் கொஞ்ச நேரமே போதும்.

அதற்காகப் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொல்லவில்லை. குளிரில் கெண்டைக்கால் தசை கட்டையாக இறுகி, பாதம் தூக்க வராமல் தரையில் இடறும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். உள்ளேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து குளியுங்கள், உடம்பு ஆறிய பிறகு எழுந்திருங்கள்.

உடற்பயிற்சிக்குச் சமையல் மேடையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. இடுப்பு உயரம், அசையாது, பிடித்துக்கொள்ளலாம். பின்னால் ஒரு நாற்காலி, பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர். முதலில் கெண்டைக்காலை மெதுவாக இழுத்துத் தளர்த்துங்கள். பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். முடியாதவர்கள் ஊன்றியே தொடங்கலாம். மேடையைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது, பக்கவாட்டில் நடப்பது, ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை ஒட்டிவைத்து நிற்பது, இவ்வளவுதான். உடம்பு சூடாகும் என்பதால் ஸ்வெட்டரையும் குல்லாவையும் முன்பே கழற்றிவிடுங்கள். களைப்பு குறைவாக இருக்கும் காலை வேளையில், நடுநடுவே உட்கார்ந்து, கால் மணி நேரம் செய்தால் போதும்.

அந்தப் பெண்ணிடம் பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொன்னேன். நின்றார். கண்ணை மூடச் சொன்னேன். மூன்று எண்ணுவதற்குள் விரல்கள் மேடையின் விளிம்பைக் கவ்விக்கொண்டன. பாதத்திலிருந்து வரவேண்டிய உணர்வு குறைந்திருந்ததால் கண்ணை வைத்தே சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார். சோப்பு போட்டு முகம் கழுவும்போதும், மழைக்காலத்தில் கரண்ட் போனபோதும் தள்ளாடியதற்குக் காரணம் அப்போதுதான் அந்த வீட்டுக்குப் புரிந்தது. மாமியார் மருமகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு தினமும் பக்கத்தில் நின்று எண்ணியவர் அவர்தான்.

திரும்புவதையும் பழகுங்கள். ஒரே சுழற்றில் திரும்பாமல், நாலைந்து சின்ன அடிகளாக. நடை கொஞ்சம் உறுதியானதும் பேசிக்கொண்டே நடக்கப் பழகுங்கள். டம்ளர் காபியோடு நடக்கையில் குழந்தை கூப்பிட்டால் கவனம் எங்கே போகும் என்று யோசித்தால் இதன் அவசியம் தெரியும்.

இன்னொன்று. கைத்தடி பிடிக்க வெட்கப்பட்டுக் குடையை ஊன்றி வருகிறவர்களை குன்னூர்ப் படிக்கட்டுகளில் பார்க்கிறேன். குடை நுனியில் ரப்பர் கிடையாது, பாசியில் வழுக்கும். உங்கள் உயரத்துக்கு அளவெடுத்த தடி வேண்டும்.

திடீரெனப் புதிதாக ஒரு பலவீனமோ மரமரப்போ வந்து ஒரு நாளைத் தாண்டியும் நீடித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் இப்படி ஆகும், அதையும் அவரிடம் சொல்லுங்கள்.