சர்வர் சும்மா இருக்கிறது, பில் மட்டும் வரவில்லை

தீபாவளிக்கு முந்தைய வாரம், காலை 11 மணி. நான் டேட்டாபேஸ் பார்த்துக்கொடுக்கும் ஒரு மொத்த விற்பனைக் கடையிலிருந்து போன். "அண்ணே, பில்லே வரமாட்டேங்குது. எட்டு கவுன்ட்டரும் சுத்திக்கிட்டே நிக்குது. புது சர்வர் வாங்கிடலாமான்னு முதலாளி கேக்கச் சொன்னாரு."

ரிமோட்டில் உள்ளே போனேன். சிபியூ பயன்பாடு 3 சதவீதம். டிஸ்க் அமைதியாக இருந்தது. மெமரியில் பாதி காலி. பளு தாங்காமல் திணறும் மெஷின் இப்படி இருக்காது. வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மெஷின்தான் இப்படி இருக்கும். ஆனால் வாசலில் கூட்டம் நெரிகிறது. அப்படியென்றால் உள்ளே யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள்.

அந்தக் கடையில் ஓடுவது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் வாரிசு. எதற்குக் காத்திருக்கிறாய் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடும் என்பது அதில் எனக்குப் பிடித்த குணம். 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி' என்ற பட்டியலில் ஒவ்வொரு இணைப்பும் இப்போது என்ன செய்கிறது, எப்போது தொடங்கியது, எதற்காக நிற்கிறது என்று வரிவரியாக இருக்கும். அன்று அதில் 62 இணைப்புகள். கவுன்ட்டர் பிள்ளைகள் பொறுமையிழந்து திரும்பத் திரும்ப அழுத்தியதில் பெருகியவை. 58 கவுன்ட்டர் வரிகளில் காத்திருப்புக் காரணம் ஒன்றே ஒன்று: லாக், அதாவது பூட்டு.

மீதியில் இரண்டு வரிகள் முக்கியம். 10:31-க்குத் தொடங்கிய 'ஆல்டர் டேபிள்' ஒன்று: பில் அட்டவணையில் வண்டி எண்ணுக்குப் புதிதாக ஒரு பத்தி (நெடுவரிசை) சேர்க்க, கடையின் சாஃப்ட்வேர் தம்பி கொடுத்த கட்டளை. அதற்கும் முன்னால், 10:12-க்குத் தொடங்கிய இன்னொன்று. அதன் நிலை 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்'. அதாவது, ஒரே மூச்சில் முடிய வேண்டிய வேலைத் தொகுதியான பரிவர்த்தனையைத் திறந்து வைத்துவிட்டு, மூடாமல் சும்மா இருக்கிறது. கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டர். நேற்றைய பில்களை ஒரு முறை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் பரிவர்த்தனையைத் தானே முடித்துவைக்கும் தானியங்கி கமிட், அவருடைய கருவியில் அணைந்திருந்தது. பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வெறுமனே பார்த்ததற்கு எட்டு கவுன்ட்டரும் நின்றுவிடுமா? நியாயமான சந்தேகம். போஸ்ட்கிரெஸில் படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை, எழுதுபவரும் படிப்பவரைத் தடுப்பதில்லை. 1999-இல் வந்த 6.5-ஆம் பதிப்பு முதல் அப்படித்தான். ஒரு வரியை மாற்றினால் பழையதை அழிக்காமல் பக்கத்தில் புதிய பிரதியை எழுதிவைக்கும். படித்துக்கொண்டிருப்பவருக்குப் பழைய பிரதியே தெரியும். ஆனால் இந்தச் சமாதானம் வரிகளுக்குத்தான். அட்டவணையின் அமைப்பையே மாற்றும்போது கதை வேறு.

கோயில் கருவறையை நினைத்துக்கொள்ளுங்கள். தரிசனம் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் செய்யலாம். ஒருவர் பார்ப்பதால் இன்னொருவருக்குத் தடையில்லை. அலங்காரம் மாற்ற வேண்டும் என்றால் திரை போட வேண்டும்; அப்போது யாரும் பார்க்க முடியாது. ஆனால் உள்ளே ஏற்கெனவே நிற்பவர் வெளியேறிய பிறகுதான் குருக்கள் திரையைப் போடுவார். போஸ்ட்கிரெஸில் அட்டவணைப் பூட்டுகள் எட்டு வகை. தரிசனம் மாதிரி மென்மையானது ஒரு கோடியில், திரை மாதிரி முரடானது மறு கோடியில். படிக்கும் கட்டளை முதலாவதை எடுக்கும், பத்தி சேர்க்கும் கட்டளை கடைசியை எடுக்கும். எடுத்த பூட்டு பரிவர்த்தனை முடியும்வரை விடுபடாது.

இப்போது குருக்கள் திரையைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். உள்ளே ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, நகரும் எண்ணமே இல்லாமல் நிற்கிறார். புதிதாக வருகிறவர்களை விடலாமா? பெரியவரோடு சேர்ந்து தரிசனம் செய்ய அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லைதான். ஆனால் விட்டுக்கொண்டே இருந்தால் குருக்களுக்கு முறையே வராது. ஆகவே வந்தவர்கள் குருக்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது விதி. நியாயமான விதி. அந்த நியாயம்தான் கடையை நிறுத்திப்போட்டது. பத்தி சேர்க்கும் வேலை சில மில்லி நொடிதான். அது காத்திருந்த அரைமணி நேரம் மொத்தக் கடையும் அதன் பின்னால் காத்திருந்தது.

இந்த இடத்தில் பலர் கணக்குப்பிள்ளையின் இணைப்பை வெட்டுவார்கள். நான் குருக்களைத்தான் திருப்பி அனுப்புவேன். ஆல்டர் கட்டளையை ரத்து செய்தால் யாருக்கும் எதுவும் இழப்பில்லை, பின்னால் நிற்பவர்கள் பெரியவரோடு சேர்ந்து உள்ளே போய்விடலாம். அன்றும் அப்படித்தான்: ரத்து செய்த நொடியில் 58-ம் கரைந்தன. யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று தேட 'பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ்' என்ற செயற்கூறு இருக்கிறது. வரிசையில் முன்னால் நின்று மறைப்பவரையும் அது சேர்த்தே காட்டிக்கொடுக்கும். அன்றிரவு தம்பிக்கு ஒரே ஒரு வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன்: ஆல்டர் கொடுக்கும் முன் 'லாக்_டைம்அவுட்' அளவை 2 நொடி என்று வை, பூட்டு கிடைக்காவிட்டால் அது தானே விலகிவிடும், கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடு. நாமாக வைக்காவிட்டால் அந்த அளவு பூஜ்யம். பூஜ்யம் என்றால் எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கும் என்று பொருள்.

கடை ஓடத் தொடங்கியது, ஆனால் வேகம் வரவில்லை. இந்த முறை பூட்டு அட்டவணையில் இல்லை, ஒரே ஒரு வரியில் இருந்தது. அடுத்த பில் எண் என்ன என்று வைத்திருக்கும் வரி. ஒவ்வொரு பில்லும் அதில் ஒன்றைக் கூட்டும். கூட்டியவர் கமிட் செய்யும்வரை அடுத்தவர் நிற்பார். அதுவரை குற்றமில்லை. ஆனால் கூட்டியதற்கும் கமிட்டுக்கும் நடுவில் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று பதிலுக்கும் காத்திருந்தது நிரல். சராசரியாக மூன்று நொடி.

மூன்று நொடிக்கு ஒரு பில் என்றால் நிமிடத்துக்கு 20. கவுன்ட்டர் எட்டானாலும் எண்பதானாலும் 20-தான். புது சர்வர் வாங்கினாலும் 20-தான். இதைவிடக் கொடுமை, 20-ஐத் தொடுவதற்கு வெகு முன்பே வலி தொடங்கிவிடும் என்பது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த எர்லாங் என்ற டென்மார்க் கணிதர் 1909-இல் தொடங்கிவைத்த வரிசைக் கணிதத்தில் ஓர் எளிய சூத்திரம் உண்டு. ஆட்கள் வருவதும் ஒவ்வொருவரின் வேலைக்கு ஆகும் நேரமும் ஒழுங்கில்லாமல் இருந்தால், ஒருவர் வரிசையில் சேர்ந்து வேலை முடிந்து வெளியேற ஆகும் சராசரி நேரம், சராசரி வேலை நேரத்தை மீதமிருக்கும் திறனால் வகுத்தது. நிமிடத்துக்கு 10 பில் வந்தால் பாதித் திறன் மீதம், 6 நொடி. 18 வந்தால் பத்தில் ஒன்றே மீதம், 30 நொடி. 19 வந்தால் ஒரு நிமிடம், கவுன்ட்டருக்கு வெளியே நிற்கும் நேரத்தையும் சேர்த்து. 18-க்கும் 19-க்கும் நடுவில் ஒரே ஒரு பில். சாதாரண நாளில் யாரும் கவனிக்காத கோளாறு தீபாவளிக்கு மட்டும் பூதமாக எழுவது இதனால்தான்.

எஸ்எம்எஸ்ஸை கமிட்டுக்குப் பின்னால் தள்ளினோம். அதோடு, ஜிஎஸ்டி விதி 46 பில் எண் தொடர்ச்சியாக, 16 எழுத்துக்கு மிகாமல் இருக்கச் சொல்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. எனவே கவுன்ட்டருக்கு ஒரு வரிசை கொடுத்துவிட்டோம். முதல் கவுன்ட்டரின் பதினைந்தாவது பில் 1-15. எட்டு கவுன்ட்டருக்கு எட்டு வரிகள், ஒன்றுக்கொன்று தொந்தரவில்லை. என் யோசனைதான், அப்போது பெருமையாகவே இருந்தது. அந்த நடுக்கோடு என்ன செய்யப்போகிறது என்று அன்று தெரியாது.

(அரிசி, சோப்பு என்று ஒருவரும் சோப்பு, அரிசி என்று இன்னொருவரும் இருப்பைக் குறைக்கப்போய் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளும் டெட்லாக்கும் அவ்வப்போது வந்தது. போஸ்ட்கிரெஸ் ஒரு நொடி பார்த்துவிட்டு ஒருவரைத் தானே வெளியேற்றிவிடும். பொருட்களை எப்போதும் குறியீட்டு எண் வரிசையில் குறைத்தால் போதும். சின்ன விஷயம்.)

முதலாளி அடங்கவில்லை. 2020 தொடக்கத்தில் புது சர்வர் வந்தே விட்டது. பழையதில் லினக்ஸின் ஒரு வகையான டெபியன் 9, புதியதில் டெபியன் 10, இரண்டிலும் போஸ்ட்கிரெஸ் 11. பழையதை நிறுத்திவிட்டு டேட்டா கோப்புறையை அப்படியே நகலெடுத்துப் போட்டோம்.

இன்ஸ்டால் செய்யும்போது வரும் வழக்கமான சண்டைகள் எல்லாம் வந்தன. கோப்புறையின் உரிமையாளராக ரூட் என்ற நிர்வாகப் பயனர் இருந்ததால் சர்வர் எழ மறுத்தது. தவறுதலாக 12-ஆம் பதிப்பும் ஏறியிருந்தது. இணைப்புகள் வரும் வாசலான 5432-ஆம் போர்ட்டை 11 பிடித்திருந்ததால் 12 சத்தமில்லாமல் 5433-இல் உட்கார்ந்துகொண்டது. தம்பி அந்தக் காலி டேட்டாபேஸில் நுழைந்து "அண்ணே, டேட்டா எல்லாம் போச்சு" என்று அலறினான். அப்புறம் 'பீர் ஆதன்டிகேஷன்' தோல்வி. அதே மெஷினுக்குள் சாக்கெட் வழியாக வந்தால் போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டு கேட்காது. வந்திருப்பது எந்த லினக்ஸ் பயனர் என்று இயங்குதளத்திடம் விசாரிக்கும், பெயர் பொருந்தாவிட்டால் விரட்டும். இவையெல்லாம் நல்ல பிழைகள். முகத்துக்கு நேரே கத்துகின்றன, ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகின்றன.

கத்தாத பிழை பத்து நாள் கழித்து வந்தது. கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். "சார், 1-15-னு தேடுனா இல்லைங்குது. மொத்தப் பட்டியல் எடுத்தா இருக்கு. எதை நம்புறது?"

இரண்டும் உண்மை. பட்டியல் எடுக்கும்போது போஸ்ட்கிரெஸ் அட்டவணையை முதலிலிருந்து கடைசிவரை புரட்டுகிறது. தேடும்போது இன்டெக்ஸைப் பார்க்கிறது. இன்டெக்ஸ் என்பது அகரவரிசையில் அடுக்கிய அகராதி மாதிரி. நடுவில் திறந்து, முன்னால் போவதா பின்னால் போவதா என்று முடிவு செய்துகொண்டே போகும். அந்த அகரவரிசை எது என்பதை போஸ்ட்கிரெஸ் தானாக முடிவு செய்வதில்லை. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியைக் கேட்கும். 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 தன் வரிசை விதிகளைத் திருத்திக்கொண்டது. டெபியன் 9-இல் இருந்தது பழைய விதி, 10-இல் புதிய விதி.

பழைய விதி நடுக்கோட்டை முதல் சுற்றில் கண்டுகொள்ளாது. 1-15 அதற்கு 115. எனவே தீபாவளிக்கு முந்தைய கோடில்லாத பில் 11234 முன்னால், 1-15 பின்னால். புதிய விதிக்கு நடுக்கோடும் ஓர் எழுத்து, அதுவும் எண்களுக்கு முந்தையது. எனவே 1-15 முன்னால், 11234 பின்னால். அகராதி பழைய விதியில் அடுக்கப்பட்டிருக்கிறது. தேடுபவர் புதிய விதிப்படி இடப்பக்கம் திரும்புகிறார். தேடியது வலப்பக்கம் இருக்கிறது. இல்லை என்று திரும்பி வந்து, மனசாட்சியோடு பொய் சொல்கிறார்.

தேடல் தவறினால்கூடப் பரவாயில்லை. ஒரே எண் இருமுறை வரக்கூடாது என்ற காவலும் இதே இன்டெக்ஸை நம்பித்தான் நிற்கிறது. ஏற்கெனவே உள்ள எண்ணை யாராவது மறுபடி போட்டால், காவலாளி இடப்பக்கம் பார்த்து, யாரும் இல்லை, உள்ளே போ என்பார். கையால் திருத்திப் போட்ட மூன்று பில்கள் அப்படி இரட்டையாகியிருந்தன. இன்டெக்ஸை மறுபடி கட்டச் சொன்னால், இரட்டை இருக்கிறது என்று மறுத்தது. முதலில் அந்த மூன்றையும் தாள் பில்களோடு ஒப்பிட்டுத் தீர்த்தோம். அதன் பிறகுதான் ரீஇன்டெக்ஸ் ஓடியது.

உங்கள் மெஷின் எந்தப் பக்கம் என்று அறிய ஒரு நிமிடம் போதும். ஒரு கோப்பில் 11 என்று ஒரு வரி, 1-1 என்று ஒரு வரி எழுதி, அமெரிக்க ஆங்கில லொகேலில் (மொழி அமைப்பில்) லினக்ஸின் வரிசைப்படுத்தும் கட்டளையான சார்ட்டுக்குக் கொடுங்கள். 11 முதலில் வந்தால் பழைய விதி, 1-1 வந்தால் புதியது. மென்பொருளை அதன் சூழலோடு பொதிந்து ஓட்டும் டாக்கரில் டெபியன் படிமத்திலிருந்து ஆல்பைன் படிமத்துக்கு அதே டேட்டாவோடு தாவினாலும் இதே விபத்துதான். ஆல்பைனில் இருப்பது ஜிலிப்சியே அல்ல, மசல் என்ற வேறு நூலகம். 2022-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15 முதல், டேட்டாபேஸ் உருவானபோது இருந்த வரிசைப் பதிப்பைக் குறித்துவைத்து, மாறினால் எச்சரிக்கிறது. எங்கள் 11-க்கு அந்த வாய் இல்லை.

மறுபடி இப்படி நடக்காமலிருக்க பில் எண் பத்தியை 'சி' வரிசைக்கு மாற்றினேன். அது எந்த மொழியின் விதியையும் பார்க்காது, எழுத்தின் உள் எண்ணை மட்டும் ஒப்பிடும். எந்த மெஷினிலும் மாறாது. உற்சாகத்தில் வாடிக்கையாளர் பெயருக்கும் அதையே கொடுத்துவிட்டேன். மறுநாள் கணக்குப்பிள்ளை மறுபடி. "சார், பவானி ஸ்டோர்ஸுக்கு முன்னாடி பழனி ஸ்டோர்ஸ் வருதே?"

சரியாகத்தான் கேட்டார். ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது நாம் படித்த வரிசை. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும்போது மற்ற இந்திய எழுத்துகளின் அடுக்கைப் பின்பற்றினார்கள். அதில் ழ முன்னால், வ பின்னால். ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற. பெயர்ப் பத்தியை மட்டும், பல மொழிகளின் வரிசை விதிகளைத் தரும் ஐசியூ நூலகத்தின் தமிழ் வரிசைக்கு மாற்றியதும் பவானி முன்னால் வந்தது. ஐசியூவின் விதியும் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும். அதனால் அந்த ஒரு இன்டெக்ஸின் பெயரை, "அப்கிரேடு செய்தால் இதை மறுபடி கட்டு" என்று தாளில் எழுதி, சர்வர் பெட்டியின் மேல் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.