மழைக்காலத்தில் ஆட்டுக்கு ஏன் புல் இல்லை?

கார்த்திகை மாதம் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம், திட்டக்குடி பக்கம் போனால் பார்க்கிற இடமெல்லாம் பச்சை. ஆனால் ஆடு மேய்க்கிறவரைக் கேட்டால், மேய்க்க இடமில்லாத காலம் இதுதான் என்பார். பள்ளத்தில் நெல், மேட்டில் மக்காச்சோளமும் பருத்தியும். வரப்பில் கால் வைத்தாலே சண்டை. மிஞ்சுவது ஏரிக்கரை, வாய்க்கால் கரை, ரோட்டோரம், அப்புறம் ஆக்கிரமிப்புக்குத் தப்பிய கொஞ்சம் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஊர் மேய்ச்சலுக்கு ஒதுக்கிய பொது நிலம். ஊரின் மொத்த ஆடு மாடும் அந்தத் துண்டு நிலத்தில் வந்து நிற்கும். அங்கிருக்கும் புல்லோ வருஷம் முழுக்கக் காத்திருந்து அப்போதுதான் தலையெடுக்கும்.

கோடையில் நிலைமை தலைகீழ். அறுவடை முடிந்து வயலெல்லாம் திறந்து கிடக்கும், மந்தை அங்கே போய்விடும், புறம்போக்குக்கு ஓய்வு கிடைக்கும். ஆனால் பங்குனி வெயிலில் ஓய்வு கொடுத்து என்ன பயன்? புல் வளர ஈரமே இருக்காது. மேய்ச்சல் நிலம் கெட்டுப்போனதைப் பற்றிப் பேசும்போது ஆடு மாடு எத்தனை என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். எந்த மாதத்தில் மேய்கின்றன என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

காரணம் புல்லின் உடலமைப்பில் இருக்கிறது. பெரும்பாலான செடிகளுக்கு வளரும் முனை உச்சியில் இருக்கும். புல்லுக்கு அது தரையை ஒட்டி, இலையுறைகளுக்கு உள்ளே இருக்கிறது. இலையும் அடியிலிருந்துதான் நீள்கிறது. அதனால் நுனியை மாடு கடித்துக்கொண்டு போனாலும் அடியிலிருந்து புது இலை வந்துகொண்டே இருக்கும். மேய்ச்சலைத் தாங்குவதில் புல்லை மிஞ்ச ஆளில்லை என்றே சொல்லலாம்.

ஆனால் அந்தப் புது இலைக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது? மிச்சமிருக்கும் இலை வெயிலில் செய்யும் மாவுச்சத்திலிருந்தும், தண்டின் அடியிலும் வேரிலும் இருக்கும் சேமிப்பிலிருந்தும்தான். இலை மிகவும் குறைந்துபோனால் புல் முதலில் கைவிடுவது வேரை. அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர் ஃபிராங்க்ளின் கிரைடர் 1955-ல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. இலையில் 40 விழுக்காடு வரை வெட்டினால் வேர் வளர்ச்சி நிற்கவில்லை. பாதியை வெட்டினாலும் பாதிப்பு சொற்பம்தான். 80 விழுக்காடு வெட்டியபோது எல்லா வேரும் 12 நாள் வளராமல் நின்றன. 90 விழுக்காடு வெட்டியபோது 17 நாள். பாதியைத் தாண்டியதும் சட்டென்று சரிவு. மேய்ச்சல் நிலம் பார்க்கிறவர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் ‘பாதி எடு, பாதி விடு’ என்ற கணக்குக்கு இந்த ஆய்வு பெரிய பலம்.

பண்ருட்டி, விருத்தாசலம் பகுதியின் செம்மண் மேட்டில் இது இன்னும் உறைக்கும். தை பிறந்தபின் அந்த மண்ணின் மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வேரை ஆழமாக விடாத புல்லுக்கு மாசியில் தண்ணீர் எட்டாது. கொத்தாக நிமிர்ந்து வளரும் கொழுக்கட்டைப் புல் போன்ற நல்ல தீவனப் புற்கள் முதலில் காணாமல் போகும். தரையோடு படர்ந்து, மண்ணுக்குள்ளும் தண்டை ஓட்டிவைத்திருக்கும் அருகு தாக்குப்பிடிக்கும். கடைசியில் நிற்பவை ஆவாரையும் எருக்கும் போல மந்தை வாய் வைக்கத் தயங்கும் செடிகள்.

மேய்கிற விலங்கைப் பொறுத்தும் சேதம் மாறும். மாடு நாக்கால் சுழற்றிப் பிடுங்கும்; அதனால் ரொம்பக் கட்டையான புல்லை அதனால் பிடிக்க முடியாது. செம்மறியாடு பிளவுபட்ட மேலுதட்டால் தரையோடு தரையாகக் கரண்டும், சில சமயம் வளரும் முனையையும் சேர்த்து. வெள்ளாட்டுக்குப் புல்லைவிடத் தழை மேல்தான் ஆசை. ‘ஆடுதான் நிலத்தைக் கெடுக்கிறது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் எந்த ஆடு என்றாவது சொல்ல வேண்டும்.

சரி, ஒரு ஏக்கர் எத்தனை ஆட்டைத் தாங்கும்? அளப்பது சுலபம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கம்பிச் சட்டத்தை நிலத்தில் பல இடங்களில் போட்டு, உள்ளே இருக்கும் புல்லை அறுத்து, காயவைத்து, எடை போட வேண்டும். சராசரி 150 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ. பாதியை விட்டுவிட்டால் 300. அந்த 300-ம் வயிற்றுக்குப் போய்விடாது. மிதிபட்டும் பூச்சி தின்றும் ஏறத்தாழ பாதி வீணாகும் என்பது வழக்கமான கணக்கு. மீதி 150 கிலோ. 25 கிலோ எடையுள்ள செம்மறியாடு தன் எடையில் 3 விழுக்காடு, அதாவது நாளைக்கு முக்கால் கிலோ காய்ந்த தீவனம் தின்னும். 150-ஐ முக்காலால் வகுத்தால் 200; அதாவது ஒரு ஆட்டுக்கு 200 நாள் தீனி. பத்து ஆட்டுக்கு இருபது நாள், அல்லது நூறு ஆட்டுக்கு இரண்டே நாள்.

காகிதத்தில் இரண்டும் ஒன்று. புல்லுக்கு அப்படியில்லை. நூறு ஆடு இரண்டு நாளில் மேய்ந்துவிட்டு நகர்ந்தால், கடிபட்ட புல் நிதானமாகத் தழைக்கும். பத்து ஆடு இருபது நாள் சுற்றினால், முதல் நாள் கடித்த புல்லில் ஐந்தாறு நாளில் வந்த இளந்தளிரைத் தேடி மறுபடியும் கடிக்கும். பக்கத்தில் முற்றிய புல் நின்றாலும் தொடாது. தளிரில்தான் புரதம் அதிகம். சேமிப்பைச் செலவழித்து விட்ட இலை, அந்தக் கடனை அடைப்பதற்குள் போய்விடும். பெரும்பாலும் இந்த இரண்டாவது கடிதான் புல்லைச் சாய்க்கிறது.

இதை வைத்துச் சிலர், சுழற்சி முறையில் மேய்த்தால் எத்தனை மாட்டை வேண்டுமானாலும் விடலாம் என்று பேசுகிறார்கள். அது மிகை. சுழற்சி மேய்ச்சலையும் தொடர் மேய்ச்சலையும் ஒப்பிட்ட பல பத்தாண்டுச் சோதனைகளை 2008-ல் தொகுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், மாட்டின் எண்ணிக்கை சமமாக இருந்தால் பெரும்பாலான சோதனைகளில் பெரிய வித்தியாசமில்லை என்றார்கள். ஆனால் அங்கே ஒப்பிடப்பட்டவை வேலியிட்ட சோதனை நிலங்கள். மழை மாதங்களில் மட்டும் ஊரே ஒரு மூலையில் குவிகிற நம் நிலைமை வேறு.

கோடையில் அந்த மந்தை என்ன ஆகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் சம்பா அறுத்து, நெல் தரிசில் விதைத்த உளுந்தையும் பிடுங்கியபின் வயல் வெறுமையாகும். மேட்டூர் தண்ணீர் வந்து வேலை தொடங்கும் வரை அது கிடை போடும் காலம். உள்ளூர்க் கோனார்களின் மந்தையோடு, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகளும் டெல்டாவுக்கு மந்தை ஓட்டி வருவார்கள். பகலில் மேய்ச்சல், ராத்திரி ஒருவர் வயலில் அடைப்பு, மறுநாள் பக்கத்துத் துண்டுக்கு மாற்றம். ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்பதற்கு வேதியியல் ஆதாரமும் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் அளவுப்படி ஆட்டு எருவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 3 விழுக்காடு. சாதாரணத் தொழு உரத்தில் அரை விழுக்காடுதான். புழுக்கை சிறியது, நார் நன்றாக அரைபட்டது, சீக்கிரம் மட்கும். கொட்டகையில் வீணாகிற சிறுநீரும் கிடையில் நேரே மண்ணுக்குப் போகிறது. அதிலுள்ள யூரியாவை மண்ணின் நொதி சில நாளிலேயே அம்மோனியாவாக மாற்றிவிடும். சித்திரை வெயிலில் அது காற்றோடு போய்விடும் என்பதால்தான் கிடை நகர்ந்ததும் மேலோட்டமாக ஒரு உழவு ஓட்டச் சொல்கிறார்கள்.

இதில் யாரும் பேசாத ஒரு பங்கு உண்டு. பகலில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் தின்ற சத்து ராத்திரி தனியார் வயலில் இறங்குகிறது. இப்படி வருஷா வருஷம் பொது நிலத்துத் தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பட்டா நிலத்துக்கு நடந்தே போகின்றன. புறம்போக்குக்குத் திரும்பி வருவதில் சீமைக்கருவேல விதையும் உண்டு. கோடையில் புல் இல்லாதபோது அதன் இனிப்பான காயை ஆடும் மாடும் விரும்பித் தின்னும். கெட்டித் தோல் கொண்ட விதைகளில் பல செரிக்காமல் எருவோடு விழுந்து, முதல் மழையில் முளைக்கும். உழுகிற வயலில் தப்பாது, புறம்போக்கில் மரமாகும்.

ஓய்வு கொடுப்பதால் புல்லுக்கு மட்டுமல்ல, ஆட்டின் குடலுக்கும் லாபம். சாணத்தோடு விழும் குடற்புழு முட்டை, ஈரமும் சூடும் சேர்ந்த நாளில் ஒரு வாரத்துக்குள் தொற்றும் நிலைப் புழுவாகி, பனி ஈரத்தில் புல்லின் அடிப்பகுதியில் ஏறி நிற்கும். பனி காயாமல் மந்தையை அவிழ்க்காத பழக்கத்துக்கு இதனால் நல்ல பொருள் உண்டு. கட்டையாகக் கரண்டிய புல்லில் ஆட்டின் வாயும் புழுவும் ஒரே உயரத்தில் சந்திக்கின்றன. புழு அந்த நிலைக்கு வருவதற்குள் மந்தையை நகர்த்தி, ஒன்றிரண்டு மாதம் கழித்துத் திரும்பினால், நம் ஊர்ச் சூட்டில் பெரும்பாலான புழுக்கள் செத்திருக்கும்.

1948-ல் அமெரிக்காவில் தொடங்கிய மேய்ச்சல் நில மேலாண்மைச் சங்கத்தின் வட்டாரக் கிளைகள், நிலம் பார்க்கக் கூட்டமாகப் போவதையும் மாணவர்களுக்குப் புல் அடையாளம் காணும் போட்டி வைப்பதையும் வழக்கமாக வைத்திருக்கின்றன. நமக்கும் 1962 முதல் ஜான்சியில் தீவனப் பயிர்களுக்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஐ.நா. 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டாக அறிவித்தும் இருக்கிறது. கடலூரில் அப்படி ஒரு சங்கம் அமைந்தால் அதன் வருஷ வேலை என் கணக்கில் இதுதான்: ஆவணியில் ஆட்டைத் திடீரென்று சாகடிக்கும் துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்ப்பது, ஐப்பசி முதல் மழையில் புறம்போக்கில் பாதியை மந்தை நுழையாமல் அடைப்பது, அடைத்த பாதி விதை உதிர்க்கும் வரை திறக்காமல் இருப்பது, அடுத்த வருஷம் மறுபாதியை அடைப்பது, கம்பிச் சட்டம் போட்டுப் புல்லை எடை பார்ப்பது, ஒரே இடத்தில் நின்று வருஷா வருஷம் ஒரு போட்டோ. அடைக்க நிலம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது வேறு பிரச்சினை. ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2011-லேயே எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது.

அடைத்த நாளில் மந்தைக்குத் தீனி? நூறு செம்மறிக்கு நாற்பது நாள், பாதித் தீனி வெளியிலிருந்து என்றால் ஒன்றரை டன். மார்கழிப் பட்டத்து மல்லாட்டையை (நிலக்கடலை) பங்குனி, சித்திரையில் பிடுங்கும்போது கிடைக்கும் கொடியே போதும். வைக்கோலைவிடப் புரதம் அதிகம். ஆனால் ஐப்பசி வரை நனையாமல் போர் போட்டு வைக்க வேண்டும். நனைந்தால் பூஞ்சணம் பிடித்து நச்சாகும். அகத்தியும் வேலிமசால் என்ற தீவனச் செடியும் வரப்பில் இருந்தால் கொடியின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.