மலைச்சாலை பிக்கப்பில் பிரேக் விளக்கு வழியாக நீர் புகுவது எப்படி?

உதகைக்கு அருகிலுள்ள முத்தோரை, கேத்தி பாலாடா பகுதிகளிலிருந்து கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பிக்கப் வண்டிகளில், மழைக்காலம் தொடங்கியதும் இரண்டு புகார்கள் எழுகின்றன. பின்பக்க பிரேக் விளக்கின் மூடிக்குள் நீர் தேங்கி நிற்பது ஒன்று. ஓட்டுநர் அறையின் பின்சுவர் நனைந்து, இருக்கைக்குப் பின்னால் பூஞ்சை வாடை வீசுவது மற்றொன்று. இரண்டுக்கும் வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியம் ஒன்றேதான்: விளக்கின் விளிம்பைச் சுற்றி சிலிகானைப் பிதுக்கிப் பூசிவிடுவது. அது ஒரு பருவத்துக்குத் தாங்கினால் அதிர்ஷ்டம். நீர் மேலிருந்து விழுந்து மட்டும் உள்ளே வருவதில்லை என்பதே இதற்குக் காரணம். அது சரிவால் திருப்பப்படுகிறது, இடுக்குகளில் தானே ஏறுகிறது, மலையில் ஏறி இறங்கும் வண்டிகளில் காற்றழுத்த மாற்றத்தால் உள்ளே உறிஞ்சவும் படுகிறது.

முதலில் ஓட்டுநர் அறைக்குள் வரும் கசிவைப் பார்ப்போம். பின்னால் வருபவரின் கண்மட்டத்தில் தெரியும்படி உயரத்தில் பொருத்தப்படும் மூன்றாவது பிரேக் விளக்கு, அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாடலிலிருந்து கார்களுக்கும், 1994ஆம் ஆண்டு மாடலிலிருந்து பிக்கப் உள்ளிட்ட இலகு சரக்கு வண்டிகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பின்னால் திறந்த சரக்குத் தொட்டி இருக்கும் வண்டியில் அந்த விளக்கைப் பொருத்த வசதியான இடம் ஓட்டுநர் அறையின் பின்பக்கத்தில், பின்கண்ணாடிக்கு மேலே, கூரையின் விளிம்பை ஒட்டி அமைந்த தகடுதான். ஆகவே பல மாடல்களில் அந்த எஃகுத் தகட்டில் ஒரு துளை வெட்டப்பட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் விளக்கு வைக்கப்பட்டு, இடையில் ஒரு நுரை ரப்பர் கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் பட்டை) நசுக்கப்படுகிறது. கூரையில் விழும் மழையில் பெரும்பகுதி வழிந்து இறங்கும் பாதையில் வெட்டப்பட்ட அந்தத் துளைக்கு, சில மில்லிமீட்டர் கனமுள்ள அந்த நுரைதான் ஒரே காவல்.

கேஸ்கெட் நீரைத் தடுப்பது ஒட்டிக்கொண்டிருப்பதால் அன்று, மீண்டெழத் துடிப்பதால். நசுக்கப்பட்ட ரப்பர் தன் பழைய கனத்துக்குத் திரும்ப முயன்று இரு பரப்புகளையும் அழுத்திக்கொண்டே இருக்கும் வரை நீருக்கு வழியில்லை. ஆண்டுக்கணக்கில் நசுங்கிக் கிடக்கும் ரப்பரில் மூலக்கூறுச் சங்கிலிகள் அந்த நசுங்கிய நிலைக்கே பழகி, அதன் மீள்திறன் போய்விடுகிறது. மலையின் கடுமையான புற ஊதாக் கதிர் அதன் வெளிவிளிம்பை வெடிக்கச் செய்கிறது. கழற்றிப் பார்க்கும்போது கேஸ்கெட் முழுதாக, கிழியாமல் இருக்கும். ஆனால் தகடு போலத் தட்டையாகிவிட்டிருக்கும். கிழிந்திருந்தால்தான் பழுது என்று எண்ணி அதையே மீண்டும் பொருத்துவது பட்டறைகளில் அடிக்கடி நடப்பது.

வெப்பமும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. விளக்கின் மூடிக்குப் பெரும்பாலும் பயன்படும் அக்ரிலிக் பிளாஸ்டிக், எஃகைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகமாக விரியக்கூடியது. 30 செ.மீ. நீளமுள்ள அக்ரிலிக் துண்டு 40 டிகிரி செல்சியஸ் வெப்பமாற்றத்தில் 0.8 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். அதே நீள எஃகு 0.15 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. சனவரி இரவில் உறைபனியையும் மறுநாள் நண்பகலில் மேட்டுப்பாளையத்து வெயிலையும் காணும் வண்டியில், நாள்தோறும் விளக்கு தகட்டின்மேல் அரை மில்லிமீட்டருக்கு மேல் வழுக்கி வழுக்கி உராய்கிறது. போதாக்குறைக்கு, இவ்விளக்குகளில் பல இரண்டு முனைகளிலும் உள்ள இரண்டே ஸ்க்ரூக்களால் பிடிக்கப்பட்டவை. கசிவு கண்டதும் அவற்றை இன்னும் இறுக்கினால் முனைகள் உள்ளே அமுங்கி, நடுப்பகுதி வில்லாக வளைந்து வெளியே எழும்பும். அடைக்க வேண்டிய இடத்திலேயே இடைவெளி பெரிதாகும்.

அந்த இடைவெளி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது என்று தோன்றலாம். நீரின் பரப்பு இழுவிசை அதற்கு உடன்படாது. நன்றாக நனையக்கூடிய இரு பரப்புகளுக்கிடையே 0.1 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் நீர் புவியீர்ப்பை மீறி ஏறத்தாழ 15 செ.மீ. உயரம் வரை ஏறிவிடும், இடுக்கு 0.5 மில்லிமீட்டராக இருந்தால் 3 செ.மீ. மட்டுமே. புதிய பெயின்ட் நீரை உருட்டிவிடும் தன்மையுள்ளது என்பதால் அங்கே இந்த ஏற்றம் குறைவு. செம்மண் தூசி படிந்து, மெழுகுப்பூச்சு தேய்ந்துபோன பழைய பரப்பு நீரை விரும்பி ஏற்கும். எனினும் இடுக்கில் ஏறிய நீர் தானாகச் சொட்டுவதில்லை. அதைப் பிடித்து ஏற்றிய அதே விசை உள்விளிம்பில் அதைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். அங்கே ஒரு வயரோ, கூரையின் உட்புறத்தை மூடும் கூரை உறையின் துணியோ அதைத் தொட்டுக்கொண்டு கீழே இறங்குமானால், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதைப் போல அது நீரை இழுத்து இறக்கத் தொடங்கும். நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. அத்தகைய கொட்டும் மழையைக் காட்டிலும், நாட்கணக்கில் நிற்காமல் நசநசக்கும் தூறல்தான் இவ்வகைக் கசிவுக்குக் கடும் சோதனை என்பது என் கருத்து. தூறலில் இடுக்கு ஒருபோதும் காய்வதில்லை.

நிறுத்தும் இடத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றத்தை நோக்கி முகம் வைத்து நிறுத்திய வண்டியில் கூரை நீர் முழுவதும் பின்விளிம்புக்கு வந்து விளக்கின் மேல்விளிம்பில் அணைபோலத் தேங்கும். இறக்கத்தை நோக்கி நிறுத்தினால், உள்ளே ஏற்கெனவே புகுந்த நீர் கூரை உறைக்கும் தகட்டுக்கும் நடுவில் முன்னோக்கி ஓடி, ஓட்டுநரின் முன்கண்ணாடி ஓரத்தில் சொட்டும். முன்கண்ணாடி ரப்பர் போய்விட்டது என்று அதை மாற்றிய பிறகும் கசிவு நிற்காத வண்டிகளில் இதையும் பார்ப்பது நல்லது.

இனி விளக்கின் உள்ளே தேங்கும் நீர். பின்புற மூலைகளில் உள்ள விளக்குகள் மூடிய பெட்டிகள். ஆயினும் காற்று புகாதவை அல்ல. உள்ளேயுள்ள காற்று விரியவும் சுருங்கவும் இடம் தருவதற்காகப் பொதுவாக அவற்றில் சிறிய சுவாசத் துளைகள் விடப்படுகின்றன. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். மேலே காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல், கீழே சுமார் 97. மேலே அடைபட்ட ஒரு லிட்டர் காற்று கீழே வரும்போது அழுத்தத்தால் சுருங்கும். கீழுள்ள வெப்பம் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டினாலும், கணக்கிட்டால் 150 மில்லிலிட்டர் அளவுக்கு வெளிக்காற்று விளக்குக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. சுவாசத் துளை திறந்திருந்தால் அது நுழையும், அவ்வளவுதான். கழுவிய கேரட் மூட்டைகளிலிருந்து வடியும் நீரும் சக்கரம் வாரியிறைக்கும் சேறும் அத்துளையை அடைத்துவிட்டிருந்தால், காற்று வேறு வழி தேடும். மூடியும் உடலும் இணையும் பசைக்கோட்டில் விழுந்த மயிரிழை விரிசலோ, பல்பு ஹோல்டரைச் சுற்றியுள்ள தளர்ந்த ரப்பர் வளையமோ அந்த வழியாகும். மழையில் அந்த விரிசலின் வாயை நீர் மூடியிருக்கும். 0.1 மில்லிமீட்டர் இடுக்கிலுள்ள நீர்ப்படலம் தாங்கக்கூடிய அழுத்த வேறுபாடு சுமார் 1.4 கிலோபாஸ்கல் மட்டுமே. 150 மீட்டர் இறங்கினாலே அந்த வேறுபாடு உண்டாகிவிடும் என்பதால், அருவங்காட்டைத் தாண்டிக் குன்னூரை எட்டும் முன்பே விளக்கு தன் முதல் மடக்கு நீரை உறிஞ்சிவிட்டிருக்கும். சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே வெயிலில் காய்ந்த விளக்கின்மேல் மழை கொட்டி 30 டிகிரி குளிர்ந்தால் காற்று பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதற்கும் உறிஞ்சும் வலிமை உண்டு என்றாலும், மலைச்சாலையைப் போல ஒவ்வொரு பயணத்திலும் அது நிகழ்வதில்லை.

மூடியின் உட்புறம் பனி படர்ந்தாற்போல் மங்குவது எல்லாமே கசிவு அல்ல. 30 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சமவெளிக் காற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 21 மில்லிகிராம் நீராவி இருக்கும். அது மேலே வந்து 10 டிகிரிக்குக் குளிரும்போது, விரிந்து வெளியேறிய பங்கு போக, 8 மில்லிகிராம் அளவே நீராகப் படியும். ஒரு சொட்டு நீரின் நிறை சுமார் 50 மில்லிகிராம் என்பதை நினைத்தால், இது சொட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மங்கல் விளக்கு எரிந்தாலோ வெயில் பட்டாலோ ஒரு மணி நேரத்தில் மறையும், எல்.இ.டி. விளக்குகளில் மூடி அதிகம் சூடாவதில்லை என்பதால் கூடுதல் நேரம் பிடிக்கும். அடியில் ஒரு தேக்கரண்டி நீர் தளும்பினால் மட்டுமே அது கசிவு.

கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதில் பொறுமையே பாதி வேலை. கூரை உறையின் பின்பகுதியைத் தளர்த்தி இறக்கி, தகட்டின் உட்புறத்தைத் துடைத்துக் காயவைத்து, நீரின் தடம் தெரிவதற்காகத் துளையைச் சுற்றி முகப்பவுடரைத் தூவிவிட்டு ஒருவர் உள்ளே அமர்ந்துகொள்ள, மற்றொருவர் ஹோஸ் நீரை மெதுவாக, கீழ்விளிம்பில் தொடங்கிப் படிப்படியாக மேலே விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் புலப்படாது. பிரஷர் வாஷர் கூடாது. அது நல்ல கேஸ்கெட்டையும் ஊடுருவி இல்லாத குற்றத்தைச் சுமத்தும். நீரே இல்லாத ஒரு வழியும் உண்டு. கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளை மூடி, ஏசி விசிறியை வெளிக்காற்று நிலையில் முழுவேகத்தில் ஓடவிட்டால் ஓட்டுநர் அறைக்குள் அழுத்தம் சற்றே உயரும். அப்போது வெளியே விளக்கின் விளிம்பில் சோப்பு நீர் தடவினால், இடைவெளி உள்ள இடத்தில் குமிழி எழும்.

சரிசெய்வதற்கு விளக்கைக் கழற்றியே ஆக வேண்டும். பழைய நுரையையும் யாரோ பூசிய சிலிகானையும் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுமையாக எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் இரு பரப்புகளையும் துடைக்க வேண்டும். காய்ந்த சிலிகானின் மேல் வேறெதுவும் ஒட்டாது, புதிய சிலிகான்கூடச் சரியாகப் பிடிக்காது. மேலே மேலே பூசிய வைத்தியம் பலிக்காமல் போவதன் முதன்மைக் காரணம் இதுதான். துளையின் வெட்டுவிளிம்பில் துரு தெரிந்தால் தேய்த்து, பிரைமரும் பெயின்ட்டும் அடித்துக் காயவிட வேண்டும். துரு உப்பிய பரப்பில் எந்தக் கேஸ்கெட்டும் சமமாக அமராது. புதிய கேஸ்கெட் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் மூடிய அறைகள் கொண்ட ரப்பர் நுரைப் பட்டையைப் பயன்படுத்தலாம். மெத்தைக் கடையில் கிடைக்கும் திறந்த அறை நுரை நீரைக் குடித்துத் தேக்கிவைக்கும் என்பதால் அதைத் தொடவே கூடாது. பியூட்டைல் டேப் எனும் ஒட்டும் ரப்பர் நாடா இன்னொரு நல்ல தேர்வு. அது எப்போதும் இறுகிப்போகாமல் பிசின்போலவே இருப்பதால் பிளாஸ்டிக்கும் எஃகும் வெவ்வேறு அளவில் நீண்டாலும் கூடவே நகரும். உதகையின் காலைக் குளிரில் அது விறைத்து நிற்கும், ஆகவே நண்பகல் வெயிலில் வேலை செய்வது உசிதம்.

சிலிகானைத்தான் பயன்படுத்துவது என்றால் வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிர்த்து, நடுநிலை வகையைக் கேட்டு வாங்க வேண்டும். முதல் வகை உறையும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். அது எஃகையும் செம்பு இணைப்புகளையும் அரிக்கும். ஸ்க்ரூக்களை மாறி மாறி, கைத்திருப்புளியால், நுரை பாதியளவு நசுங்கும் வரை மட்டும் இறுக்க வேண்டும். ஸ்க்ரூத் துளைகளும் கசிவுப் பாதைகளே என்பதால் அவற்றின் அடியிலும் ஒரு சிறு பியூட்டைல் உருண்டை தேவை. வெளியே கூடுதலாகப் பூசுவதாயின் மேல்விளிம்பிலும் பக்கங்களிலும் மட்டும் பூசி, கீழ்விளிம்பை விட்டுவிட வேண்டும்; எப்படியோ உள்ளே வந்த நீர் அங்கே வெளியேறட்டும். மூலை விளக்கின் அடியில் துளையிட்டு நீரை வடிய விடுவது பட்டறைகளில் நடக்கும் எளிய வழி. அது வேலை செய்யும் என்றாலும் சக்கரத்தின் பின்னால் இருக்கும் அந்தத் துளையே சேறு புகும் வாயாகவும் ஆகிவிடுவதால், அடைபட்ட சுவாசத் துளையைச் சுத்தம் செய்து விரிசலை ஒட்டுவதையே நான் பரிந்துரைப்பேன்.

மீண்டும் பொருத்தும் முன் இணைப்பையும் கவனிக்க வேண்டும். வயரைக் கனெக்டருக்கு நேராக இழுத்துக் கட்டாமல், அதற்குக் கீழே ஒரு தொங்கல் வளைவு விட்டால் வயர் வழியே வரும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். பச்சை பூத்த முனைகள் மின்தடையைக் கூட்டும். 21 வாட் பிரேக் பல்பின் பாதையில் ஓர் ஓம் தடை கூடினாலே அதன் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மூடுபனியில் பின்னால் வரும் வண்டிக்கு அது பெரிய இழப்பு. பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தால் எர்த் இணைப்பு அரித்துப்போயிருக்கிறது என்று கொள்ளலாம்; நேர்வழி அடைபட்ட மின்னோட்டம் பக்கத்து பல்பின் இழை வழியாகத் திரும்புகிறது. அந்த நிலையில் பல்பை மாற்றிப் பயனில்லை. எர்த் முனையைச் சுரண்டி, இறுக்கி, மின்காப்பு கிரீஸ் தடவிய பிறகே விளக்கை அதன் இடத்தில் வைக்க வேண்டும்.