பள்ளியில் பழைய பேட்டரி சேகரிக்கப் போகிறீர்களா?

பள்ளிகளோடு சேர்ந்து பேட்டரி சேகரிப்புத் திட்டங்களை நடத்துகிறவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி வைப்பதற்கு முன்னால், அது நிரம்பியதும் யார் வந்து எடுத்துப்போவார்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனமோ, உள்ளாட்சியின் சேகரிப்பு மையமோ, யாராக இருந்தாலும் எந்தெந்த வகையை வாங்குவார்கள், எப்படிப் பிரித்துத் தர வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் ஆய்வக மூலையில் கிடந்து கசிந்து கடைசியில் குப்பை வண்டியில்தான் ஏறும், பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அப்புறம், எந்த வகுப்பு அதிக எடை சேர்க்கிறது என்று போட்டி வைக்கவே வைக்காதீர்கள். பரிசு என்றால் ரிமோட்டில் நன்றாக இருக்கிற பேட்டரியும் கழன்று வந்துவிடும். அதற்குப் பதிலாக வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரைக் கையில் கொடுங்கள். புது ஆல்கலைன் பென்சில் பேட்டரி 1.5 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். பொம்மை காரில் ஓடவில்லை என்று கொண்டுவந்தது 1.2 பக்கம் நின்றால், அதைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் முள் நகர ஆரம்பித்துவிடும், ஏனென்றால் மோட்டாருக்கு நிறைய மின்னோட்டம் வேண்டும், கடிகாரத்துக்குத் துளியூண்டு போதும். (ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி வேறு கணக்கு, அதன் இயல்பான அளவே 1.2 வோல்ட்தான்.) இந்த ஒரு சோதனைக்கு ஒரு பீரியட் முழுவதையும் ஒதுக்கலாம்.

பட்டன் பேட்டரி விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் வில்லையைச் சின்னக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டே மணி நேரத்தில் திசு வெந்துபோகக்கூடும், தீர்ந்துபோனது என்று நாம் தூக்கிப்போடுகிற பேட்டரிக்கும் அந்தச் சக்தி மிச்சமிருக்கிறது. அதனால் பெரியவர்களே இரண்டு பக்கமும் டேப் ஒட்டி நேரில் கொண்டுவந்து தரட்டும். 9 வோல்ட் பேட்டரிக்கு இரண்டு முனையும் ஒரே பக்கத்தில் இருப்பதால் அதற்கும் டேப் வேண்டும், இல்லையென்றால் வேறொரு உலோகம் பட்டுச் சூடாகித் தீப்பிடிக்கலாம். உப்பிப்போன செல்போன் பேட்டரியைப் பெட்டியில் வாங்கவே கூடாது. வெள்ளையாகப் பூத்துக் கசிந்ததை வெறுங்கையால் தொட விடாதீர்கள், கையுறை போட்டுத் தனி உறையில் வையுங்கள்.

எல்லாப் பேட்டரியிலும் பாதரசம் இருக்கிறது என்று பிள்ளைகளைப் பயமுறுத்தவும் தேவையில்லை. இன்றைய ஆல்கலைன் பேட்டரிகளில் பெரும்பாலும் பாதரசம் சேர்ப்பதில்லை. உள்ளே இருப்பது துத்தநாகமும் மாங்கனீசும், வெளியே எஃகு உறை. ஆலையில் நொறுக்கிக் காந்தத்தால் எஃகை இழுத்துவிட்டு, மிஞ்சும் கறுப்புப் பொடியிலிருந்து மற்ற உலோகங்களை மீட்கிறார்கள். நிக்கல்-காட்மியம் வகை வேறு, காட்மியம் நச்சு, அதைத் தனியாகவே வைக்க வேண்டும். படம் வரைந்து இதைச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிறது.

பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள், மாதக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள். எடுத்துப்போகிறவரிடம் எடை போட்ட ரசீது வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், பதிவேட்டை மாணவர்களே எழுதட்டும்.