மிக்ஜாமும் பெயரில்லாத வெள்ளமும்

வியாசர்பாடியில் எங்கள் ஆயா வீட்டில், கேஸ் சிலிண்டர் வைக்கும் மூலையில் சுவரில் ஒரு பழுப்புக் கோடு உண்டு. முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. இரண்டு தடவை வெள்ளை அடித்தும் போகவில்லை. "இது 2015 தண்ணி" என்பார் ஆயா. கூரையில் ஒரு ஷீட் மட்டும் மற்றதைவிடப் புதுசாகத் தெரியும். "அது வர்தா." ஒன்றுக்கு ஆண்டு, இன்னொன்றுக்குப் பெயர். ஏன் இப்படி என்று ரொம்ப நாள் நான் யோசித்ததே இல்லை.

வங்கக் கடலில் ஒரு சுழற்சி உருவானதும் பெயர் வைத்துவிட மாட்டார்கள். முதலில் அது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. கொஞ்சம் வலுத்தால் தாழ்வு மண்டலம், அப்புறம் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். மையத்தைச் சுற்றி வீசும் காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல். அப்போதுதான் டெல்லியில் உள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மையம் பட்டியலில் அடுத்து நிற்கும் பெயரை எடுத்துச் சூட்டும். 61 என்றால் பெயர் இல்லை. எவ்வளவு மழை கொட்டினாலும் சரி, இந்தக் கணக்கில் அதற்கு மார்க் கிடையாது.

2015 டிசம்பர் 1ஆம் தேதி சென்னையை முக்கியெடுத்த மழை, புயல் என்ற படியை எட்டவே இல்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. பெயர் மட்டும் கிடைக்கவில்லை. மறு ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வந்த வர்தா காற்றோடு வந்தது. மரங்களையும் எங்கள் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு போனது. பாகிஸ்தான் கொடுத்த பெயர் அது, ரோஜா என்று பொருளாம்.

பட்டியலின் கதை 2000இல் மஸ்கட்டில் நடந்த கூட்டத்தில் தொடங்குகிறது. வங்காள விரிகுடா, அரபிக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் ஆளுக்குச் சில பெயர் தருவது என்று பேசி முடித்தார்கள். 2004இல் முதல் பெயர், ஒனில். அப்போது 8 நாடுகள், இப்போது 13. நாட்டுக்கு 13 வீதம் 169 பெயர்களோடு 2020இல் புதுப் பட்டியல் வந்தது. நாடுகளின் ஆங்கில அகரவரிசைப்படி முறை சுற்றி வரும்: வங்கதேசத்தில் தொடங்கி ஏமனில் முடிந்து, மறுபடி வங்கதேசம். அட்லாண்டிக் பக்கம் பட்டியலை 6 ஆண்டுக்கு ஒரு முறை திருப்பிப் போடுவார்கள். பெரிய நாசம் செய்த பெயரை மட்டும் நீக்குவார்கள். இங்கே ஒரு பெயர் ஒரு தடவைதான். இன்னொரு வர்தா வராது.

ஆங்கிலத்தில் 8 எழுத்துக்கு மிகாமல், யார் மனதையும் புண்படுத்தாமல் பெயர் இருக்க வேண்டும். 2013இல் இலங்கை தந்த 'மகாசேன்' பெயருக்கு அந்த நாட்டிலேயே எதிர்ப்பு கிளம்பியது. குளம் வெட்டிய மன்னன் பெயரை நாசத்துக்கு வைப்பதா என்று கேட்டார்கள். கடைசியில் அது 'வியாரு' ஆனது.

சொல்ல எளிதாக இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி. இதைப் படித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். 2023 டிசம்பர் புயலுக்கு அமைந்த, மியன்மர் தந்த பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் 'மிச்சாங்'. உச்சரிப்போ மிக்ஜாம். ஆயாவுக்கு அது கடைசிவரை மிக்சிப் புயல்தான்.

அந்த மிக்ஜாம் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, டிசம்பர் 5ஆம் தேதி. மூழ்கியது நாம். சுற்றும் வேகம் வேறு, நகரும் வேகம் வேறு. சுற்றும் வேகத்தை வைத்துத்தான் பெயரும் தரமும். ஓர் ஊரில் எவ்வளவு மழை என்பதில் நகரும் வேகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மிக்ஜாம் 3, 4 தேதிகளில் சென்னைக்கு நேரே கடலில் ஊர்ந்துகொண்டே மழை மேகங்களை ஊருக்குள் தள்ளியது. போதாததற்கு, புயல் காலத்தில் காற்று கடலைக் கரைப் பக்கம் நெட்டும். அழுத்தம் குறைவதால் கடல் மட்டமும் சற்று உயரும். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் முகத்துவாரத்தில் முட்டி நின்றுவிடும். "கடல் தண்ணி வாங்கல" என்று நம் பக்கம் சொல்வது இதைத்தான். எண்ணூர்க் கழிமுகத்தில் அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படகிலும் வலையிலும் அப்பியது. அங்கே மிக்ஜாம் என்றால் முதலில் எண்ணெய்தான் நினைவுக்கு வரும்.

காசிமேட்டிலோ பெயரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "எத்தனாம் நம்பர் கூண்டு?" இதுதான் கேள்வி. துறைமுகத்தில் பகலில் கூம்பும் உருளையுமாகக் கட்டித் தொங்கவிடுவார்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1 என்றால் தூரக் கடலில் ஏதோ உருவாகிறது. 8, 9, 10 பெரும் அபாயம். 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கடலுக்குப் போகலாமா என்பதற்கு விடை அந்தக் கூண்டில் இருக்கிறது, பெயரில் இல்லை.

பட்டியல் வராத காலத்திலும் மக்கள் பெயர் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1964 டிசம்பரில் அடித்தது, அழித்த ஊரின் பெயரால் தனுஷ்கோடிப் புயல். 1966 நவம்பர் புயலுக்கு அடையாளம், மெரினா பக்கம் தரைதட்டிய ஸ்டமாடிஸ் கப்பல்.

புதுப் பட்டியலின் மூன்றாவது சுற்றில் இந்தியா கொடுத்த பெயர் முரசு. நம்ம தமிழ்ச் சொல். ஒரு புயலுக்கு அந்தப் பெயர் வைக்கப்போகிறார்கள் என்று ஆயாவிடம் சொன்னேன்.

"காத்தா, தண்ணியா?" என்று கேட்டார்.