நாமே கட்டிய கர்னலை அப்கிரேட் ஏன் ஓரங்கட்டுகிறது?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் செகண்ட் ஹேண்ட் லெப்டொப் வாங்கி, அதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அதன் மையமான கர்னலை மூலநிரலிலிருந்து தானே கட்டும் (கம்பைல் செய்யும்) மாணவருக்கு அது சின்ன வேலை இல்லை. பழைய இயந்திரத்தில் மணிக்கணக்கில் ஓடும். அப்படிக் கட்டியது வழக்கமான ஒரு அப்கிரேடோடு மறைந்துபோனால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் பெரும்பாலும் அது அழிவதில்லை. உபுண்டுவில் ஒவ்வொரு கர்னல் பொதியின் (நிறுவுவதற்கான கோப்புத் தொகுப்பின்) பெயரிலும் பதிப்பு எண் இருக்கும். அதனால் புதிய கர்னல் பழையதை நீக்காமல் பக்கத்திலேயே வந்து அமரும். அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது, எந்தக் கர்னலை ஓட்டுவது என்று தெரிவுசெய்யும் கிரப் என்ற நிரல் வழக்கமாக மிக உயர்ந்த எண் கொண்ட கர்னலையே முதலில் எடுக்கும். நம்முடையது வட்டிலேயே இருக்கும், ஆனால் ஓடாது. கிரப் அமைப்புக் கோப்பில் இயல்புத் தெரிவை ‘சேவ்ட்’ என்று மாற்றி, ‘அப்டேட்-கிரப்’ கட்டளையை ஓட்டி, நம் கர்னலைத் தெரிவுசெய்து வைத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

உண்மையான ஆபத்து, பெயர் ஒன்றாக இருக்கும்போதுதான். யார் கட்டியது என்பதை, பொதிகளை நிறுவும் ஏபிடி என்ற கருவி வழக்கமாகப் பார்ப்பதில்லை. பொதியின் பெயரையும் பதிப்பு எண்ணையுமே பார்க்கிறது. உபுண்டுவின் இணையப் பொதிக் களஞ்சியத்தில் அதே பெயரில் பெரிய எண் இருந்தால், நம்முடையதை எடுத்துவிட்டு அதைப் போடும். தோட்டத்தில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் கடிதம் மாறிப்போகும் அல்லவா? டிவிஷன் பெயரையும் சேர்த்து எழுதினால் சரியான ஆளுக்குப் போகும்.

கர்னலில் அந்த வேலையைச் செய்வது ‘லோக்கல்வேர்ஷன்’ என்ற அமைப்பு. கட்டும் முன் அதில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தால், பொதியின் பெயரிலும் மொடியூல்கள் (வைஃபை போன்றவற்றை இயக்கும் கர்னல் துண்டுகள்) இருக்கும் கோப்புறையின் பெயரிலும் அது ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டாவது முக்கியம். கோப்புறை ஒன்றாகிவிட்டால் மற்றக் கர்னலின் மொடியூல்கள் நம்முடையவற்றின் மேல் எழுதப்பட்டு, வைஃபை கூட வேலை செய்யாமல் போகலாம்.

பெயர் ஒன்றாகவே இருந்தாக வேண்டுமென்றால், ‘ஏபிடி-மார்க் ஹோல்ட்’ கட்டளை அந்தப் பொதியை அசையாமல் வைக்கும். உபுண்டுவின் சொந்தக் கர்னலுக்கு ஹோல்ட் போடுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நம்முடையது திறக்க மறுத்தால் கைகொடுப்பது அதுதான். அது புதிதாகவே இருக்கட்டும்.

நம் கர்னலுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் அப்கிரேடில் வராது. புதிய மூலநிரலை இறக்கி, கர்னல் தெரிவுகள் எழுதியிருக்கும் பழைய கொன்ஃபிக் கோப்பை அதில் வைத்து ‘மேக் ஓல்ட்டெஃப்கொன்ஃபிக்’ கொடுத்தால், புதிய தெரிவுகளுக்கு இயல்பு விடைகள் நிரம்பிவிடும். அப்புறம் மறுபடி கட்ட வேண்டியதுதான்.