கறுப்புக் கண்ணில் கருவி எதைப் பார்க்கிறது?

ரேஷன் கடையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தும் ரேகை விழாமல் நிற்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், இல்லையென்றால் களை பறித்தும் செங்கல் சுமந்தும் கை காய்த்துப் போனவர்கள். விரலுக்குப் பதிலாகக் கண்ணைப் படமெடுத்து ஆளை அடையாளம் காணும் கருவி அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆதாருக்குப் பத்து விரல்களோடு இரண்டு கருவிழிகளையும் (கண்ணின் நடுவிலுள்ள பாவையைச் சுற்றிய நிற வளையம், ஐரிஸ்) பதிந்திருப்பதால் இதற்கு வழியும் இருக்கிறது.

சரி, கண்ணாடியில் பார்த்தால் நம் ஊர்க்காரர்களின் கருவிழி ஒரே இருட்டாகத்தானே தெரிகிறது, இதில் அடையாளம் எங்கே?

அந்த இருட்டுக்குக் காரணம் மெலனின் என்ற நிறமி. நாம் பார்க்கும் ஒளியை அது விழுங்கிவிடுகிறது. 700 முதல் 900 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியையோ பெரும்பாலும் விட்டுவிடுகிறது. கருவியின் சின்ன விளக்கு இந்த ஒளியைத்தான் அடிக்கிறது. உடனே நார்களும் குழிகளும் மடிப்புகளுமாக ஒரு பின்னல் தெளிவாகத் தெரியும். குழந்தை வயிற்றில் எட்டு மாதம் ஆவதற்குள் இது உருவாகிவிடுகிறது, அதுவும் மரபணு சொன்னபடி அச்சாக அல்ல. அதனால்தான் உருவம் ஒத்த இரட்டையருக்கும் பின்னல் வேறு, ஒரே ஆளின் இடது கண்ணும் வலது கண்ணும்கூட வேறு.

இந்தப் பின்னலை எண்ணாக்கும் முறையை 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன். நடுவிலுள்ள பாவையின் விளிம்பு, கருவிழியின் வெளி விளிம்பு இரண்டையும் மென்பொருள் கண்டுபிடித்து, இடையிலுள்ள வளையத்தை ரப்பர் துண்டை இழுப்பதுபோல நீள்சதுரமாக விரித்துக்கொள்கிறது. வெளிச்சத்துக்கு ஏற்பப் பாவை சுருங்கினாலும் விரிந்தாலும் கணக்குக் கெடாது. இமையும் முடியும் மறைக்கிற இடங்களை ஒதுக்கிவிட்டு, மீதியில் பின்னலின் ஏற்ற இறக்கங்களை 0, 1 என்று எழுதினால் மொத்தம் 2048 பிட், அதாவது வெறும் 256 பைட்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அப்புறம் வருவதுதான். ஒரே கண்ணை இரண்டு தடவை படமெடுத்தாலும் இரண்டு குறியீடுகளும் அப்படியே ஒத்துவராது, அது தேவையும் இல்லை. வேறு வேறு ஆட்களின் கண்களை ஒப்பிட்டால், நாணயம் சுண்டியதுபோல, கிட்டத்தட்ட பாதி பிட்டுகள் மாறுபடும். அதைவிட வெகுவாகக் குறைந்தால் தற்செயல் என்று சொல்ல முடியாது, இரண்டும் ஒரே கண்தான். டாக்மனின் கணக்குப்படி, இரண்டு வேற்றுக் கண்களின் மாறுபாடு 32 சதவீதத்துக்கு இறங்க 2.6 கோடியில் ஒரு வாய்ப்பு. 30 சதவீதத்துக்கு இறங்கவோ சுமார் 150 கோடியில் ஒன்று. 1984-இல் படமெடுக்கப்பட்ட ஆப்கன் அகதிச் சிறுமி ஷர்பத் குலாவும் 2002-இல் கண்டுபிடிக்கப்பட்ட பெண்ணும் ஒருவரே என்று டாக்மன் உறுதிசெய்ததும் இப்படிப் பழைய, புதிய புகைப்படங்களின் கருவிழிகளை ஒப்பிட்டுத்தான்.

கண்புரை இருந்தால் இது வேலை செய்யாதோ என்று வயதானவர்கள் கேட்கலாம். கண்புரை வேறு, கருவிழி வேறு. புரை விழுவது கருவிழிக்குப் பின்னாலுள்ள வில்லையில் (லென்ஸில்). ஆனால் அறுவை சிகிச்சையில் கருவிழியின் வடிவம் மாறிவிட்டால் கருவி தடுமாறலாம், அப்போது ஆதாரில் புதிதாகப் பதிந்துகொள்வது நல்லது. பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்ட அன்றைக்குக் காட்டாதீர்கள். மற்றபடி கண்ணாடியைக் கழற்றி, இமையை நன்றாகத் திறந்து, தலையை ஆட்டாமல் நின்றால் போதும்.